வேஷம் அல்ல, வாழ்க்கை!



ஆண்டு விழா வந்துவிட்டால் பள்ளியில் மாறுவேடப் போட்டி களைகட்டும். பாரதியார், நேரு, கட்டபொம்மன் என்று வரிசையாக மேடை ஏறுவார்கள். நடுவில் ஒரு பிள்ளை கழுத்து நிறையப் பாசிமணியும், கையில் டப்பாவும், கன்னத்தில் கரிக்கோடுமாக வரும். "சாமியோவ்!" என்று அது குரல் கொடுத்ததும் அரங்கமே சிரிக்கும். பரிசுகூடக் கிடைக்கும்.

அந்தக் கூட்டத்தில் நரிக்குறவர் வீட்டுப் பிள்ளை ஒன்று உட்கார்ந்திருந்தால், அதற்கு எப்படி இருக்கும்? தன் அம்மாவைப் பார்த்தே எல்லோரும் சிரிப்பதுபோல் இருக்காதா? பாரதியாரின் தலைப்பாகையைப் பார்த்து நாம் சிரிப்பதில்லை. பாசிமணியைப் பார்த்து மட்டும் ஏன் சிரிக்கிறோம்?

தாம்பரம் பேருந்து நிலையம் பக்கமோ, கோயில் திருவிழாவிலோ துணி விரித்து மணிமாலை விற்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அடுத்த முறை இரண்டு நிமிடம் நின்று கவனியுங்கள். சிறு குறட்டால் கம்பியை வளைத்து, மணிக்கு மணி கொக்கி போட்டு, அளவு பிசகாமல் கோத்துக்கொண்டே போவார்கள். ருத்திராட்சம், ஸ்படிகம், கருங்காலி என்று நீங்கள் கேட்பதைக் கேட்ட நீளத்தில் கட்டித் தருவார்கள். வீட்டில் அவர்களுக்குள் பேசிக்கொள்வது வாக்ரிபோலி என்ற மொழி. அது குஜராத்தி மொழிக்கு உறவு. அதற்குத் தனி எழுத்து கிடையாது. அதோடு தமிழும் சரளமாகப் பேசுவார்கள். இரண்டு மொழி, ஒரு கைத்தொழில்! அவர்களைப் போய் ஒன்றும் தெரியாதவர்கள் என்று நினைக்கலாமா?

ஒரு காலத்தில் வேட்டைதான் அவர்கள் பிழைப்பு. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விலங்குகளைக் காக்க அது தேவையான சட்டம்தான். ஆனால் வேட்டையை விட்டவர்களுக்கு வேறு பிழைப்பு வேண்டுமே? ஊசியும் பாசியும்தான் கைகொடுத்தன. தாங்கள் விரும்பி அணிந்த மணியே அவர்களுக்குச் சோறும் போட்டது.

மணி என்பது சாதாரணப் பொருளும் அல்ல. புதுச்சேரிக்கு அருகில் உள்ள அரிக்கமேட்டில் ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முன்பே கண்ணாடி மணிகள் செய்தார்கள். அந்த வகை மணிகள் கடல் கடந்து தென்கிழக்கு ஆசியா வரை போயின. கீழடியில் தோண்டியபோதும் மணிகள் கிடைத்தன. நம் முன்னோரும் பாசிமணிக்காரர்கள்தான்!

இன்னும் தொலைவுக்குப் போவோம். தென் அமெரிக்காவில் பிரேசில், வெனிசுவேலா நாடுகளின் காட்டில் யானோமாமி என்ற பழங்குடியினர் வாழ்கிறார்கள். ஒரு செடியின் விதையிலிருந்து எடுத்த சிவப்புச் சாயத்தால் உடம்பில் கோலம் போட்டுக்கொள்வார்கள். கையில் பறவை இறகு கட்டுவார்கள். பெண்கள் மூக்கிலும் உதட்டோரத்திலும் மெல்லிய குச்சிகளைச் செருகிக்கொள்வார்கள். அவர்களுக்கும் மணி என்றால் உயிர்.

"மூக்கில் குச்சியா!" என்று முகம் சுளிக்கிறீர்களா? உங்கள் அம்மாவின் மூக்குத்தியைப் பாருங்கள். உங்களுக்குக் காது குத்திய படத்தைப் பாருங்கள். தென் மாவட்டங்களிலிருந்து வந்து தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் குடியேறிய குடும்பங்கள் பல. அந்த வீட்டுப் பாட்டிமார் சிலர், காது வடித்துப் பாம்படம் போட்டவர்கள். கையில் பச்சை குத்திக்கொண்டவர்கள். யானோமாமி சிறுவன் ஒருவன் அந்தக் காதைப் பார்த்தால், அவனும் வாய்பிளந்து நிற்பான். நம் பாட்டி நமக்கு அழகு. அவன் பாட்டி அவனுக்கு அழகு. அவ்வளவுதான் வித்தியாசம்.

நீலகிரியில் வாழும் தோடர்களைப் பாருங்கள். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை செய்த போர்வையை ஆணும் பெண்ணும் அணிகிறார்கள். துணியில் முன்கூட்டிக் கோடு வரைவதில்லை. இழையை எண்ணி எண்ணியே தைப்பார்கள். கணக்கில் நூற்றுக்கு நூறு! அந்தக் கைவேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இன்று அதை விலை கொடுத்து வாங்கிப் பெருமையாகப் போர்த்திக்கொள்கிறோம். போர்வைக்குக் கொடுக்கும் மதிப்பைப் பாசிமணிக்கும் கொடுத்தால் என்ன?

நரிக்குறவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதாவை 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. 2023 ஜனவரியில் அது சட்டமானது. பல ஆண்டுக் கோரிக்கை அது. இனி அந்தப் பிள்ளைகளின் படிப்புக்கும் வேலைக்கும் கூடுதல் உதவி கிடைக்கும். ஆனால் சான்றிதழைத்தான் சட்டம் தரும். வகுப்பில் பக்கத்து இடத்தை நகர்ந்து கொடுக்க வேண்டியவர் நீங்கள். கேலி தாங்காமல் ஒரு பிள்ளை பள்ளிக்கு வராமல் நின்றுவிட்டால், எந்தச் சட்டத்தால் அதைத் திரும்ப அழைத்துவர முடியும்?

ஆகவே குழந்தைகளே, அடுத்த மாறுவேடப் போட்டிக்கு யாரையும் கேலி செய்யாத வேடமாகத் தேர்ந்தெடுங்கள். மாலை வாங்கினால் அடிமாட்டு விலைக்குக் கேட்காதீர்கள். "இதை எப்படிக் கோத்தீர்கள் அக்கா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அந்த முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்