திசுவைக் காப்பது வேறு, டிஎன்ஏவைக் காப்பது வேறு

உடற்கூறாய்வில் எடுத்த திசுவை ஃபார்மலினில் இட்டுவிட்டால் நோயியல் ஆய்வுக்கும் டிஎன்ஏ ஆய்வுக்கும் அந்த ஒரு குப்பியே போதும் என்ற வாதம், திசுவின் தோற்றம் குலையாததையே டிஎன்ஏ குலையாததற்குச் சான்றாகக் கொள்ளும் பிழையில் நிற்கிறது. ஃபார்மால்டிஹைடின் நீர்க்கரைசலாகிய ஃபார்மலின், புரதங்களையும் டிஎன்ஏவையும் ஒன்றோடொன்று பிணைத்துத் திசுவை இறுக்குவதோடு, அமிலத்தன்மை சீர்செய்யப்படாதபோது நாளடைவில் ஃபார்மிக் அமிலத்தையும் உண்டாக்கி டிஎன்ஏ இழையைத் துண்டாடுகிறது. ஆளுக்கு ஆள் எண்ணிக்கையில் வேறுபடும் குறுந்தொடர்களை அளந்து அடையாளம் காணும் எஸ்டிஆர் சோதனைக்கு ஏறத்தாழ 100 முதல் 450 கார இணைகள் நீளமுள்ள முறியாத துண்டுகள் தேவைப்படுவதால், அத்தகைய மாதிரியில் நீண்ட துண்டுகளே முதலில் கைவிடுகின்றன.

ஃபார்மலினில் இட்டபின் மெழுகுக் கட்டிகளில் பதித்த பழைய திசுவிலிருந்தும் டிஎன்ஏ பிரித்தெடுக்கப்படுவது உண்மையே; ஆனால் வேறு மாதிரி இல்லாதபோது நாடும் கடைசி வழியை முதல் வழியாக்குவது, அடையாளத்தைத் தற்செயலிடம் ஒப்படைப்பதாகும். குளிர்பதன வசதியின்மையும் தக்க காரணமாகாது; சிறு துண்டுகளாக நறுக்கிய தசையைச் செறிவான எத்தனாலிலோ, டிஎம்எஸ்ஓ என்னும் கரைப்பான் கலந்த நிறைவுற்ற உப்புக்கரைசலிலோ இட்டால், டிஎன்ஏவைச் சிதைக்கும் நொதிகள் முடங்கி, அறை வெப்பத்திலேயே அது காக்கப்படுகிறது. அடையாளம் தெரியாத ஒவ்வோர் உடலிலிருந்தும் ஃபார்மலின் படாத தனி மாதிரி எடுப்பதை, உறவினரைத் தேடி நிற்கும் குடும்பங்களுக்கு ஆற்றும் கடமையாகவே கொள்ள வேண்டும்.