படுத்த படுக்கையானவர்களுக்கும் டயப்பர் வேண்டும்

ஆசிரியருக்கு,

பக்கவாதம் வந்து படுத்துவிட்ட என் மாமியாரை நான்கு ஆண்டுகளாகப் பார்த்துக்கொள்கிறேன். பெரியவர்களுக்கான டயப்பர் ஒன்று எங்கள் ஊர் மருந்துக்கடையில் 35 ரூபாய். நாளுக்கு மூன்று என்றால் மாதம் 3,150 ரூபாய். முதியோர் உதவித்தொகை 2023-இல்தான் 1,200 ரூபாயானது. தீப்பெட்டி ஆபீஸ் கூலியில் மீதியை எங்கிருந்து எடுப்பது?

பழைய சேலையைக் கிழித்துத்தான் கட்டுகிறோம். ஐப்பசி, கார்த்திகையில் அது காயாது. ஈரத்துணி பட்டு இடுப்பில் படுக்கைப்புண் வந்துவிட்டது. அதைவிட வேதனை, எனக்குத் துவைக்கும் வேலை வைக்கக்கூடாது என்று அவர் தண்ணீரே கேட்பதில்லை. நாக்கு வறண்டு கிடப்பார், வாய் திறக்கமாட்டார். பக்கத்துத் தெருவிலும் இதே நிலையில் இரண்டு பேர் இருக்கிறார்கள். பார்த்துக்கொள்ளும் பெண்கள் வேலையை விட்டுவிட்டார்கள்.

2011-இல் அறிவித்த புதுயுகம் திட்டத்தில் வளரிளம் பெண்களுக்கு இலவச நாப்கின் கொடுத்த மாநிலம் இது. 2025 செப்டம்பரில் டயப்பருக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது நல்லதுதான். ஆனால் வாங்கவே முடியாதவர்களுக்கு அதனால் என்ன பயன்?

வலி தணிப்புச் சிகிச்சையை வீட்டுக்கே கொண்டுவரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாக, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு மாதம் 60 டயப்பராவது தர வேண்டும். உடம்புக்கேற்ற அளவும் பார்த்துத் தர வேண்டும். தளர்ந்தால் கசியும், இறுகினால் தோல் உரியும். புண்ணுக்கான களிம்பும் கையுறையும் சேர்ந்தால் பெரிய உதவி. பயன்படுத்தியதைத் தூய்மைப் பணியாளர்கள் வெறுங்கையால் தொட நேராதபடி, சுற்றிக் கொடுக்கத் தனிப் பையும் தாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
விருதுநகர் மாவட்டம்