கல்லூரி மாணவரின் நேரம் யாருக்குச் சொந்தம்?

நாடாளுமன்றத்தில் நேரம் நிமிடக் கணக்கில் பங்கிடப்படுகிறது. எந்த மசோதாவுக்கு எத்தனை மணி நேரம் என்பதை மக்களவைத் தலைவரின் தலைமையில் இயங்கும் 15 உறுப்பினர் அலுவல் ஆலோசனைக் குழு முடிவு செய்கிறது. அந்த நேரம் கட்சிகளின் பலத்துக்கேற்பப் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. மாநிலங்களவையில் பூஜ்ய நேரத்தில் பேச எழும் உறுப்பினருக்கு மூன்று நிமிடம்தான். அது முடிந்ததும் ஒலிபெருக்கி அணைந்துவிடும். கேள்வி நேரத்தில் அமைச்சரிடம் பதில் பெற விரும்பும் உறுப்பினர் முழுமையாக 15 நாள்களுக்கு முன்பே கேள்வியை எழுதிக் கொடுத்தாக வேண்டும்.

இவ்வளவு ஒழுங்குகள் இருந்தும், ஆண்டுதோறும் நிதிநிலை அறிக்கைக் கூட்டத் தொடரில் ஒரு காட்சி அரங்கேறுகிறது. விரல்விட்டு எண்ணத்தக்க சில அமைச்சகங்களின் மானியக் கோரிக்கைகள் மட்டும் விரிவாக விவாதிக்கப்படும். எஞ்சியவை அனைத்தும் கடைசி நாளில், குறித்த நேரம் வந்தவுடன், விவாதமின்றி ஒட்டுமொத்தமாக வாக்கெடுப்புக்கு விடப்படும். இதற்கு நாடாளுமன்ற வழக்கில் 'கில்லட்டின்' என்று பெயர். 2018-லும் 2023-லும் அந்தச் சில அமைச்சகங்களுக்கும் விவாதம் கிட்டவில்லை. அமளிக்கிடையே எல்லாக் கோரிக்கைகளும் ஒரே வீச்சில் நிறைவேறின.

தில்லிப் பல்கலைக்கழக விடுதிகளில் தேர்வுக்கு முந்தைய இரவு நடைபெறுவதும் இதுவே. முதல் அலகு மூன்று முறை படிக்கப்பட்டிருக்கும். இரண்டாம் அலகு ஒரு முறை. மீதமுள்ள அலகுகள் விடிவதற்குள் கில்லட்டின். மாணவர்களின் நேர மேலாண்மை குறித்து நூல்கள் ஏராளமாக வந்துவிட்டன. கல்லூரிகளும் பயிலரங்குகள் நடத்துகின்றன. அவற்றில் சொல்லப்படும் அறிவுரைகள் பெரும்பாலும் சரியானவையே. ஆனால், மாணவரின் 24 மணி நேரமும் அவருக்கே சொந்தம் என்ற அனுமானத்தில் அவை எழுந்து நிற்கின்றன. சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். புதிய கல்விக் கொள்கைக்கேற்ப 2022-ல் தில்லிப் பல்கலைக்கழகம் நடைமுறைப்படுத்திய இளநிலைப் பாடத்திட்டத்தில் ஒரு பருவத்துக்கு 22 கிரெடிட்டுகள். முதல் பருவத்தில் மூன்று முதன்மைப் பாடங்கள், ஒரு பொது விருப்பப் பாடம், இவற்றோடு மொழித் திறன், தொழில் திறன், மதிப்புக் கூட்டுப் பாடம் என ஏழு தாள்கள். விரிவுரை என்றால் வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஒரு கிரெடிட். செய்முறை என்றால் இரண்டு மணி நேரம் ஒரு கிரெடிட். ஆக, வகுப்பறையிலும் ஆய்வகத்திலும் மட்டும் வாரத்துக்கு 22 மணி நேரத்துக்குக் குறையாது. செய்முறைத் தாள்கள் உள்ளவர்களுக்கு 26 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

தேசிய கிரெடிட் கட்டமைப்பின்படி ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரக் கற்றலுக்கு ஈடானது. வகுப்பும் சொந்தப் படிப்பும் சேர்ந்ததே இந்த 30 மணி. அப்படியானால் 22 கிரெடிட்டுக்கு 660 மணி நேரம். பல்கலைக்கழக மானியக் குழு விதித்துள்ள ஆண்டுக்கு 180 பயிற்றுவிப்பு நாள்கள் என்ற அளவை இரண்டாகப் பகுத்தால் ஒரு பருவத்துக்கு 90 நாள்கள். வாரத்துக்கு ஆறு நாள் வீதம் 15 வாரங்கள். எனவே வாரத்துக்கு 44 மணி நேரக் கற்றல். இதில் வகுப்பு நேரம் 26 போக, தானாக அமர்ந்து படிக்க வேண்டியது 18 மணி நேரம். ஞாயிறு தவிர நாளொன்றுக்கு மூன்று மணி நேரம்.

ஒரு வாரத்தில் இருப்பது 168 மணி நேரம். இரவுக்கு ஏழு மணி வீதம் உறக்கத்துக்கு 49. கற்றலுக்கு 44. துவாரகையிலிருந்தோ ஃபரீதாபாதிலிருந்தோ வடக்கு வளாகம் வந்து செல்வோருக்குப் பயணம் நாளொன்றுக்கு இரண்டரை மணி என்றாலும் வாரத்துக்கு 15. மொத்தம் 108. இன்னும் 60 மணி நேரம் மிச்சமிருக்கிறது! கணக்கு எங்கும் இடிக்கவில்லை. ஆனாலும், நேரமில்லை என்று புலம்பாத மாணவரைக் காண்பது அரிது. இதைச் சோம்பல் என்றும் கைப்பேசி மோகம் என்றும் தள்ளிவிடுவது பெரியவர்களுக்கு எளிது. கைப்பேசி நேரத்தைத் தின்கிறது என்பதில் ஐயமில்லை. அது மாணவர்களை மட்டும் தின்னவில்லை, அவையில் அமர்ந்திருக்கும் உறுப்பினர்களையும் தின்கிறது என்பதைச் செய்தியாளர் மாடத்திலிருந்து பார்ப்பவர்கள் அறிவார்கள்.

உண்மையில் அந்த 60 மணி நேரம் மாணவரின் கைக்கு முழுசாக வந்து சேர்வதில்லை. காலை எட்டரைக்கு ஒரு வகுப்பு, அடுத்தது பதினொன்றரைக்கு, அதற்கடுத்தது மூன்று மணிக்கு என்று துண்டு துண்டாகச் சிதறி வருகிறது. நடுவில் இருக்கும் இடைவெளியில் நூலகத்தில் இடம் கிடைப்பதில்லை. வீட்டுக்குப் போய்த் திரும்பவும் முடியாது. உணவகத்தில் தேநீருடன் கழியும் அந்த இரண்டு மணி நேரத்துக்கு மாணவரை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது.

பயணத்தின் கதை வேறு. 2004 டிசம்பரில் காஷ்மீரி கேட்டிலிருந்து விஸ்வவித்யாலயா வரை மெட்ரோ ரயில் வந்தபோது, வடக்கு வளாகத்தின் எல்லை ஒரே நாளில் பல மைல்கள் விரிந்தது. வளாகத்தையொட்டி அறை எடுத்துத் தங்க வேண்டிய கட்டாயம் குறைந்தது. 2018-ல் தெற்கு வளாகத்துக்கும் ரயில் வந்தது. நேரம் மிச்சமானது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் ரயில் வசதி இருக்கிறது என்பதாலேயே முன்பு யாரும் நினைத்துப் பார்க்காத தொலைவிலிருந்து மாணவர்கள் தினமும் வந்து போகத் தொடங்கினர். மிச்சப்பட்ட நேரம் தூரமாக மாறிவிட்டது எனலாம். இத்தனைக்கும் தில்லிப் பேருந்தில் உள்ளதைப் போன்ற மாணவர் சலுகைச் சீட்டு மெட்ரோவில் இல்லை என்பது மாணவர் அமைப்புகளின் நீண்டகாலக் குறை.

மாணவியரின் நிலை இன்னும் சிக்கலானது. மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் 2019-ல் நாடு தழுவிய நேரப் பயன்பாட்டு ஆய்வை நடத்தியது. 2024-ல் மீண்டும் நடத்தியது. ஊதியமற்ற வீட்டுப் பணிகளில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் செலவிட்ட நேரம் 2019-ல் 299 நிமிடம், 2024-ல் 289 நிமிடம். ஆண்களுக்கு முறையே 97, 88 நிமிடம். ஐந்தாண்டுகளில் பெண்ணின் சுமை பத்து நிமிடம் குறைந்திருக்கிறது. ஆணின் பங்கும் ஏறத்தாழ அதே அளவு குறைந்திருக்கிறது! இது எல்லா வயதினரையும் உள்ளடக்கிய சராசரி என்பதால் கல்லூரி மாணவிக்கு அப்படியே பொருந்தாது. எனினும், ஒரே வீட்டில் ஒரே வகுப்புப் படிக்கும் அண்ணனுக்கும் தங்கைக்கும் மாலை ஆறு மணிக்கு மேல் கிடைக்கும் நேரம் ஒன்றல்ல என்பதை உணர ஆய்வு தேவையில்லை.

தில்லிப் பல்கலைக்கழக மாணவ, மாணவியரை வைத்துப் பொருளாதார அறிஞர் கிரிஜா போர்க்கர் மேற்கொண்ட ஆய்வு இதன் இன்னொரு முகத்தைக் காட்டியது. வழியில் தொல்லை இருக்காது என்று நம்பக்கூடிய பாதைக்காக, தாங்கள் பெறக்கூடிய சிறந்த கல்லூரியை விட்டுவிட்டுத் தரம் குறைந்த கல்லூரியைத் தேர்ந்தெடுக்கவும், கூடுதலாகச் செலவழிக்கவும் மாணவிகள் முன்வருகிறார்கள் என்பதே அதன் சாரம். விடுதியில் தங்குவோருக்கு வேறு பூட்டு. 2015-ல் ஜாமியா மில்லியா இஸ்லாமியா மாணவியர் விடுதியில் இரவு தாமதமாகத் திரும்பும் அனுமதி நிறுத்தப்பட்டதையடுத்து எழுந்த 'பிஞ்ச்ரா தோட்' இயக்கம் தலைநகரின் பல வளாகங்களுக்கும் பரவியது. நூலகம் திறந்திருக்கும்போது விடுதிக் கதவு மூடப்படுவதைத்தான் அந்த மாணவிகள் முதன்மையாகக் கேள்விக்கு உட்படுத்தினர். அந்தக் கேள்விக்கு முழுமையான விடை இன்றுவரை கிடைத்ததாகத் தெரியவில்லை.

நேர மேலாண்மையில் உண்மையான வல்லுநர்களைத் தேட வேண்டுமானால் பயிலரங்குகளுக்குப் போக வேண்டியதில்லை. 1944 முதல் இயங்கிவரும் கல்லூரி சாராப் பெண்கல்வி வாரியத்தின் வகுப்புகளுக்குப் போகலாம். சனி அல்லது ஞாயிறு மட்டுமே அங்கு வகுப்பு. வார நாள்களில் வேலைக்கோ வீட்டுப் பொறுப்புக்கோ தங்களைக் கொடுத்துவிட்ட பெண்கள் அங்கே பட்டம் பெறுகின்றனர். 1962-ல் அஞ்சல்வழிக் கல்வியாகத் தொடங்கிய திறந்தநிலைக் கல்விப் பள்ளியும், மாலைக் கல்லூரிகளும் இதே வகையினருக்குக் கை கொடுக்கின்றன. கிடைப்பது ஒரு மணி நேரம் என்று தெளிவாகத் தெரிந்தவர் அதை வீணாக்குவதில்லை. நாள் முழுதும் இருக்கிறது என்று நினைப்பவரிடமே அது நழுவுகிறது.

இப்படிச் சொல்வதால் மாணவர் செய்யக்கூடியது ஒன்றுமில்லை என்று ஆகிவிடாது. நாடாளுமன்றத்திடமிருந்தே ஒன்றைக் கடன் வாங்கலாம். நாள் முழுவதும் நடக்கும் அலுவலில் அமைச்சர்கள் நன்கு தயாராக வருவது கேள்வி நேரத்துக்குத்தான். அந்த 15 நாள் முன்னறிவிப்பே அதற்குக் காரணம். ஆசிரியர் கொடுத்த கெடுவுக்கு 15 நாள் முன்னதாகத் தனக்கென ஒரு கெடுவைக் குறித்துக்கொள்ளும் மாணவருக்கு ஏழு தாள்களின் ஒப்படைப்புகளும் ஒரே வாரத்தில் வந்து விழுவதில்லை.

முன்னதாகக் குறிப்பது ஏன் அவசியம் என்பதற்குச் சான்று உண்டு. கனடாவில் உளவியல் பட்ட மாணவர்களிடம், ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்கப்பட்டது. அவர்கள் சொன்ன சராசரி சுமார் 34 நாள். உண்மையில் ஆனதோ 55 நாளுக்கும் மேல். 1994-ல் வெளியான இந்த ஆய்வு, எல்லாம் மோசமாகப் போனால் எத்தனை நாளாகும் என்றும் கேட்டிருந்தது. அதற்கு அவர்கள் சொன்ன கணக்கும் போதவில்லை. ஆகவே, இரண்டு நாளில் முடியும் என்று தோன்றும் ஒப்படைப்புக்கு மூன்று நாளுக்கும் அதிகமாக ஒதுக்குவது அவநம்பிக்கை ஆகாது, அதுவே நடைமுறை.

சிதறிக் கிடக்கும் இடைவெளிகளையும் ஓரளவு மீட்கலாம். கற்றது மறந்துபோகும் வேகத்தை ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹாஸ் 1885-லேயே அளந்து காட்டினார். மறதி பெரும்பகுதி முதல் நாளிலேயே, அதிலும் முதல் சில மணி நேரத்திலேயே நிகழ்ந்துவிடுகிறது. எனவே வகுப்பு முடிந்தவுடன் வரும் இடைவெளியில் அன்றைய குறிப்புகளை இருபது நிமிடம் புரட்டுவது, தேர்வு நெருங்கும்போது பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும். இதற்கு நூலக இருக்கைகூட வேண்டாம், மரத்தடி போதும். இத்தாலியில் மாணவராக இருந்தபோது ஃபிரான்செஸ்கோ சிரில்லோ, தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தை வைத்து 25 நிமிடம் படிப்பு, பின் சிறு ஓய்வு என்று வகுத்த முறை இன்று உலகெங்கும் பரவியிருப்பதற்கும் காரணம், அது துண்டு நேரத்துக்குப் பொருந்துவதே. கணக்குப் போடுவதற்கும் கட்டுரை எழுதுவதற்கும் அது போதாது. அவற்றுக்குத் தடையற்ற ஒன்றரை மணி நேரம் வேண்டும். அந்த நேரம் எது என்று வாரத் தொடக்கத்திலேயே முடிவு செய்துவிட்டு, மெட்ரோ பயணத்துக்கு வாசிப்பை ஒதுக்கிவிடலாம். இருக்கை கிடைத்தால் என்பது வேறு விஷயம்.

நேரத்தை மிச்சப்படுத்துவதாகச் சொல்லி நாடகக் குழுவையும் விவாத மன்றத்தையும் துறக்கச் சொல்லும் பெற்றோர் பலர். அது தவறான சிக்கனம். கல்லூரிக்கே உரியதாக வாழ்வில் மூன்று, நான்கு ஆண்டுகள் மட்டும் கிடைக்கும் செல்வம் அது.

இனி பல்கலைக்கழகத்தின் பக்கம் வருவோம். 2010-ல் அறிவியல் பாடங்களிலும் அடுத்த ஆண்டு எல்லாப் பாடங்களிலும் பருவ முறை. 2013-ல் நான்காண்டுப் பட்டம். 2014-ல் அது ரத்து. 2015-ல் விருப்பத் தெரிவு முறை. 2022-ல் மீண்டும் நான்காண்டு. இந்த மாற்றங்களின் நன்மை தீமை ஒருபுறம் இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் புதிய கால அட்டவணையைத் தேடிப் பிடித்து ஓட வேண்டியவர் மாணவர்தான். பொது நுழைவுத் தேர்வு அறிமுகமான 2022-ல் முதலாண்டு வகுப்புகள் நவம்பர் 2-ம் தேதிதான் தொடங்கின. 2024-ல் ஆகஸ்ட் 29. 2025-ல் ஆகஸ்ட் 1. சேர்க்கை தாமதமானால் பாடத்திட்டம் குறைவதில்லை. விடுமுறையும் படிப்பு விடுப்பும்தான் சுருங்குகின்றன. நவம்பரில் கல்லூரிக்குள் நுழைந்தவருக்கு நேரத்தைத் திட்டமிடுங்கள் என்று சொல்லும் தார்மீக உரிமை நிர்வாகத்துக்கு எந்த அளவில் இருந்தது?

நாடாளுமன்றமும் இதில் முன்மாதிரி அல்ல. முதல் மக்களவை 677 நாள்கள் கூடியது. 2024-ல் முடிவுற்ற 17-வது மக்களவை கூடியது 274 நாள்கள். ஆயினும் ஒரு நல்ல பழக்கம் அங்கு இருக்கிறது. ஒவ்வொரு கூட்டத் தொடரின் முடிவிலும் எத்தனை மணி நேரம் அவை நடந்தது, அமளியால் எத்தனை மணி நேரம் வீணானது என்ற கணக்கு வெளியிடப்படுகிறது. மூன்றில் இரு பங்கு வருகை இல்லாத மாணவரைத் தேர்வெழுத விடுவதில்லை என்பது தில்லிப் பல்கலைக்கழக விதி. மாணவர் வராத வகுப்புகளுக்குத் துல்லியமான கணக்கு இருக்கிறது. ஆசிரியர் நியமனத் தாமதத்தாலும், அட்டவணைக் குளறுபடியாலும், விழாக்களுக்காகவும் நடைபெறாமல் போன வகுப்புகளின் எண்ணிக்கையையும் பருவ முடிவில் ஒவ்வொரு கல்லூரியும் தன் அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. ஒரு சுற்றறிக்கை போதும்.