நிலம் எம்முடையது, பேரம் யாருடையது?

துபாயின் அல் குசைஸ் பகுதியில் குடியிருக்கும் எம்மவர்கள் காலையில் ஏறும் பச்சைத் தட மெட்ரோ இரயில், அடுத்து நிற்கும் இடங்களுள் ஒன்று துபாய் விமான நிலையச் சுதந்திர வர்த்தக வலயம். இரண்டு தரிப்பிடங்களுக்கும் இடையே சில நிமிடப் பயணந்தான். ஆயினும் நிறுவனத்துக்கு ஒரு நீதியும் மனிதனுக்கு வேறொரு நீதியும் நிலவுவதை அந்தச் சில நிமிடங்களில் காணலாம். 1996 இல் அமைக்கப்பட்ட அவ்வலயத்துள் வரும் வெளிநாட்டு நிறுவனம் முழு உரிமையையும் தன் கையிலேயே வைத்திருக்கலாம். ஈட்டிய இலாபம் முழுவதையும் வெளியே கொண்டு செல்லலாம். அங்கு உழைத்து மாலையில் அல் குசைஸ் திரும்பும் தொழிலாளிக்கோ வதிவிட அனுமதி வேலையோடு பிணைக்கப்பட்டுள்ளது. வேலை போனால் குறித்த நாட்களுக்குள் வேறு வேலை தேட வேண்டும். இல்லையேல் வெளியேற வேண்டும். ஊர் திரும்ப அஞ்சுபவர் தம்மை அகதியென ஏற்கும்படி கோருவதற்கு அந்நாட்டில் சட்டமில்லை. 1951 ஆம் ஆண்டின் அகதிகள் சாசனத்தில் ஐக்கிய அரபு இராச்சியம் இணையவில்லை.

நிறுவனம் இத்தனை சலுகைகளை எவ்வாறு பெறுகின்றது? அதற்குக் கேட்கத் தெரியும். தன் சார்பில் கேட்பதற்கு ஆளும் உண்டு. தொழிற்சாலையை எங்கே நிறுவலாம் என ஆராய்ந்து சொல்வதும், அவ்விடத்து அரசுடன் சலுகைகளுக்காகப் பேரம் பேசுவதும் இன்று தனியொரு தொழிலாகிவிட்டன. இவ்வாலோசகர் முதலில் பத்து இடங்களைப் பட்டியலிடுவார். துறைமுகம், மின்சாரம், நீர், கூலி, நிலவிலை ஆகியவற்றை ஒப்பிட்டு அதனை இரண்டு மூன்றாகக் குறைப்பார். பின்னர், நிறுவனத்தின் பெயரை வெளியிடாமலே ஒவ்வோர் அரசிடமும் சென்று, மற்றைய அரசு தர முன்வந்ததைச் சொல்லி மேலும் கேட்பார். குறைந்த விலையில் நிலம், வரி விடுமுறை, மலிவான மின்சாரம், வாசல் வரை வீதி எனப் பட்டியல் நீளும். சில ஆலோசகர்களுக்குப் பெற்றுத்தந்த சலுகையின் பெறுமதியில் ஒரு பங்கே கூலியாகக் கிடைக்கின்றது. ஆகவே, அரசு எவ்வளவு அதிகமாக விட்டுக்கொடுக்கின்றதோ அவ்வளவுக்கு அவர்களுக்கு ஆதாயம்.

வளைகுடா அரசுகள் இந்தப் பேரத்தை நன்கு பயின்றவை. ஜெபல் அலித் துறைமுகம் 1979 இல் திறக்கப்பட்டது. அதனை ஒட்டிய சுதந்திர வலயம் 1985 இல் தோன்றியது. துறைமுகம் முன்னே, சலுகை பின்னே என்ற இவ்வொழுங்கு கவனத்துக்குரியது. அயலில் சவூதி அரேபியாவும் களத்தில் இறங்கியுள்ளது. பிராந்தியத் தலைமையகத்தைத் தன் நாட்டில் வைத்திராத வெளிநாட்டு நிறுவனங்களுக்கு அரச ஒப்பந்தங்கள் வழங்குவதை அது 2024 ஜனவரி முதல் மட்டுப்படுத்தியது. வைத்திருப்பவர்களுக்கு 30 ஆண்டு வரிச்சலுகையை அறிவித்தது. வரியே இல்லாத நாடு எனப் பெயரெடுத்த ஐக்கிய அரபு இராச்சியமோ 2023 ஜூனில் நிறுவன வரியைக் கொண்டுவந்தது. 375,000 திர்ஹாமுக்கு மேற்பட்ட இலாபத்துக்கு நூற்றுக்கு 9 வீதம். மாபெரும் பன்னாட்டு நிறுவனங்களுக்கு 2025 முதல் குறைந்தது 15 வீதம். வலயத்துள் இருப்பவர்களும் நிபந்தனைகளை நிறைவுசெய்தாலே விலக்குப் பெறுவர். சலுகை வரும், போகும். துறைமுகமும் மின்சாரமும் தேர்ந்த தொழிலாளரும் நிலைத்திருக்கும் என்பதே இதில் எமக்குள்ள பாடம்.

பேரத்தில் ஏமாந்தோரின் கதையும் உண்டு. ஸ்ரீபெரும்புதூரில் நொக்கியா நிறுவனம் தொழிற்சாலை அமைப்பதற்கு 2005 இல் தமிழக அரசுடன் உடன்படிக்கை ஏற்பட்டது. நிலமும் வரிச்சலுகைகளும் வழங்கப்பட்டன. 2006 இல் உற்பத்தி தொடங்கியது. உச்ச காலத்தில் ஏறக்குறைய 8,000 பேர் நேரடியாக அங்கு வேலை பார்த்தனர். அவர்களுட் பலர் கிராமப்புறத்து இளம் பெண்கள். வரித் தகராறு மூண்டது, கைபேசித் தொழில் மைக்ரோசொப்டுக்குக் கைமாறியபோது இத்தொழிற்சாலை மட்டும் சிக்கிக்கொண்டது, 2014 நவம்பரில் கதவு மூடப்பட்டது. பின்னர் அவ்வளாகத்தை வேறொரு நிறுவனம் வாங்கியது உண்மையே. ஆனால், இடையில் வீட்டுக்கு அனுப்பப்பட்ட பெண்களுக்கு அந்த ஆண்டுகளை யார் திருப்பிக் கொடுத்தார்கள்?

அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலம் 2017 இல் பொக்ஸ்கொன் நிறுவனத்துக்கு ஏறக்குறைய 300 கோடி டொலர் சலுகை தருவதாக வாக்களித்தது. 13,000 பேருக்கு வேலை தருவதாக நிறுவனம் வாக்களித்தது. சொன்னபடி வேலைகள் வரவில்லை. எனினும், வேலை வந்த பின்னரே பணம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தமையால் மாநிலம் 2021 இல் அச்சலுகையை 8 கோடி டொலருக்குக் குறைத்துக்கொள்ள முடிந்தது. நிலத்துக்கும் வீதிக்கும் நீருக்கும் முன்கூட்டியே செலவழித்தாயிற்று. ஒப்பந்தத்தில் உள்ள ஒரு வரி காப்பாற்றும். இல்லாத ஒரு வரி கெடுக்கும்.

இவற்றை இன்று எழுதுவதற்குக் காரணம் உண்டு. காங்கேசன்துறை, பரந்தன், மாங்குளம் ஆகிய இடங்களில் முதலீட்டு வலயங்கள் அமைக்கப்படுமென இலங்கை அரசு 2025 இல் அறிவித்தது. புலம்பெயர்ந்த தமிழர்களின் பணமும் அங்கு வர வேண்டுமென அழைக்கப்படுகின்றது. வேலையின்றி வாடும் எம் இளைஞர்களுக்குத் தொழிற்சாலைகள் வேண்டாமென்று நாம் சொல்லமாட்டோம். 1990 இல் நின்றுபோன சீமெந்துத் தொழிற்சாலையின் சங்கொலி கேட்டு வளர்ந்தவர்கள் எம் வாசகர்களிற் பலர். ஆனால், அதே 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட குடும்பங்களின் காணிகள் யாவும் இன்னமும் விடுவிக்கப்படவில்லை.

சம்பூரில் நடந்ததை நாம் மறக்கலாகாது. 2006 இல் போரினால் வெளியேறிய மக்கள் கிளிவெட்டியிலும் கட்டைபறிச்சானிலும் தகரக் கூரையின் கீழ்க் கிடந்தபோது, 2012 இல் அவர்களது மண் கனரகக் கைத்தொழிலுக்கான விசேட வலயமென வர்த்தமானியில் வெளியாயிற்று. முதலீட்டுச் சபையினூடாக 818 ஏக்கர் ஒரு தனியார் நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்டது. அந்தப் பேரம் நடந்த மேசையில் காணிக்காரருக்கு ஆசனம் இருக்கவில்லை. 2015 இல் ஆட்சி மாறி அவ்வறிவித்தல் நீக்கப்பட்ட பின்னரே அவர்கள் தம் வளவை மிதித்தார்கள்.

ஆகவே, முதலிட விரும்பும் எம் உறவுகள் நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும். இது எவருடைய காணி, அவர் சம்மதித்தாரா? ஒப்பந்தம் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டதா? வாக்களித்த வேலை வராவிடின் சலுகை மீளப் பெறப்படுமா? அங்கு உழைப்பவர் சங்கம் அமைக்கலாமா? எமக்கு இடம் பிடித்துத் தருவதாக வரும் முகவரிடம் ஐந்தாவது கேள்வியொன்றும் உண்டு: உமது கூலியை யார் தருகிறார்கள்? வலயத்தில் உரிமம் எடுத்துத் தருவதாகச் சொல்வோரிடம் அல் குசைஸில் உள்ள உறவுகளும் இதனையே கேட்கட்டும்.

கேட்பதோடு எம் கடமை முடிந்துவிடாது. வளைகுடாவின் வலயங்களில் உரிமப் பத்திரங்களை நிரப்புவோரிலும், கணக்கெழுதுவோரிலும், சுங்க ஆவணங்களைச் சரிபார்ப்போரிலும் எம்மவர் பலர் உள்ளனர். ஒரு நிறுவனம் எதைக் கேட்கும், எதை விட்டுக்கொடுக்கும், எந்த நிபந்தனையை ஒளிக்கும் என்பது அவர்களுக்கு அன்றாட அனுபவம். ஐரோப்பாவிலும் கனடாவிலும் எம் சட்டத்தரணிகளும் கணக்காளரும் உள்ளனர். இவ்வறிவு இதுவரை கம்பனிகளுக்கே கூலிக்கு உழைத்தது. அதில் ஒரு பங்கு பரந்தன் விவசாயிக்கும் மயிலிட்டி மீனவனுக்கும் போய்ச் சேரட்டும். ஊர்ச் சங்கங்கள் கோயில் திருவிழாவுக்குப் பணம் சேர்ப்பதுபோல, ஒப்பந்தங்களை வாசித்து விளக்கக்கூடிய ஐந்து பேரையும் சேர்க்கட்டும்.

வர்த்தமானி வெளியான பின்னர் வழக்காடுவதற்கு ஆண்டுகள் பிடிக்கும். வெளியாகுமுன் ஒரு நாற்காலி கேட்பதற்கு ஒரு கடிதம் போதும். அதனை இப்போதே எழுதுவோம்.