கையெழுத்துப் போட்டால் சம்மதமா?

எங்கள் ஆய்வாளர் கூட்டத்தில் ஒரு நண்பர் கேட்டார்: "தொழில்நுட்பத்தால் படைவீரரின் உடலையும் மூளையையும் மேம்படுத்துவதில் என்ன தவறு? அவரே சம்மதித்துக் கையெழுத்துப் போடுகிறாரே?"

அமெரிக்க விமானப்படை, நெடுநேரம் பறக்கும் விமானிகளுக்குத் தூக்கம் வராமலிருக்க ஆம்ஃபெட்டமைன் வகை மாத்திரை கொடுத்தது. எடுப்பது அவரவர் விருப்பம் என்றது ஒப்புதல் படிவம். மறுப்பவரைப் பறக்கத் தகுதியற்றவர் என்று மேலதிகாரி முடிவு செய்யலாம் என்றும் அதே படிவம் சொன்னது. 2002 ஏப்ரலில் காந்தஹார் அருகே, அம்மாத்திரையை எடுத்திருந்த விமானி ஒருவர், பயிற்சியிலிருந்த கனடா வீரர்கள்மீது குண்டு வீசினார். நான்கு பேர் இறந்தனர். மாத்திரைதான் காரணமா என்பதல்ல என் கேள்வி. அபராதமும் கண்டனமும் விமானிக்கு வந்தன. மாத்திரை கொடுத்த அமைப்பு கூண்டில் ஏறவில்லை.

இன்று பேச்சு மாத்திரையோடு நிற்கவில்லை. 2020 டிசம்பரில் பிரான்சு இராணுவத்தின் அறநெறிக் குழு, உடலுக்குள் பொருத்தும் கருவிகள் குறித்த ஆய்வுக்கும் வழிவிட்டது. மாத்திரையின் வேகம் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். உள்ளே வைத்த கருவி?

மலக்குழியில் இறந்தவரைப் பற்றி "அவராகத்தான் இறங்கினார்" என்று ஒப்பந்ததாரர் சொன்னால் நாம் நம்புகிறோமா? இறங்காவிட்டால் கூலி இல்லை என்பது நமக்குத் தெரியும். மறுக்க முடியாதவரின் சம்மதம், சம்மதமே அல்ல. சீருடை போட்டதால் இந்த நியாயம் மாறிவிடாது.

மறுத்தாலும் வேலைக்கும் பதவிக்கும் ஆபத்தில்லை என்பதும், ஓய்வுக்குப் பின் அந்த உடலுக்கு யார் பொறுப்பு என்பதும் முதலில் சட்டமாகட்டும். அதுவரை இதை 'மேம்பாடு' என்று சொல்ல எனக்கு நா எழாது.