இசைகேடும் அசௌகரியமும்

மொழிபெயர்ப்புக் கதைகளில் 'அசௌகரியம்' மிகுந்துவிட்டது. நாயகன் அசௌகரியமாக நடக்கிறான். அசௌகரியமான பெட்டியைத் தூக்குகிறான். பிறகு அசௌகரியமான மௌனம் நிலவுகிறது. மூலத்தில் மூன்று இடங்களிலும் வெவ்வேறு சொற்கள் இருந்திருக்கலாம். ஆங்கிலத்தில் கைத்தடுமாற்றத்துக்கும் கைக்கு அடங்காத பொருளுக்கும் உள்ள சொற்கள் அத்தனை.

'க்ளம்ஸி' குளிரில் பிறந்த சொல். பனியில் விரல் விறைத்து மரத்துப்போவதைக் குறித்த, இன்று வழக்கொழிந்த ஒரு வினையே அதன் தாய். விறைத்த விரலைச் சொன்ன சொல் பின்னர் வசையாயிற்று. 'அன்வீல்டி'யின் வேரோ ஆளுதல் என்னும் வினை. 14ஆம் நூற்றாண்டில் அது மனிதரையே குறித்தது: தம் உடலை ஆளும் வலுவிழந்து தளர்ந்தவர். பின்னர்தான் ஆளுகைக்கு அடங்காத பெரும்பொருளுக்கு அச்சொல் பெயர்ந்தது. குற்றம் ஆளிடமிருந்து பொருளுக்கு இடம் மாறிய விந்தை இது. 'ஆக்வர்ட்' தவறான திசை, புறங்கைப் பக்கம் எனத் தொடங்கி, இன்று ஆளையும் பொருளையும் சூழலையும் ஒருசேரச் சுட்டுகிறது.

இடக்கை பட்ட பாடு தனி. 'கோஷ்' பிரெஞ்சில் இடது, ஆங்கிலத்தில் நயமறியாதவர். 'சினிஸ்டர்' லத்தீனில் இடது, ஆங்கிலத்தில் தீக்குறி. 'டெக்ஸ்டிரஸ்' வலக்கையிலிருந்து வந்தது. ஆகவே அது திறமை! (நம் சோற்றுக்கையும் பீச்சாங்கையும் மட்டும் என்ன வாழ்ந்தன?) கல்லூரி வகுப்பறைகளில் எழுதுபலகை பொருத்திய நாற்காலிகளைப் பாருங்கள். பலகை பெரும்பாலும் வலப்புறமே இருக்கும். இடக்கைப் பழக்கமுள்ள மாணவி மூன்று மணி நேரத் தேர்வையும் உடலை முறுக்கிக்கொண்டு எழுதுகிறாள். கையெழுத்துக் கோணலாயிற்று என்று நாம் அவளைக் கடிந்துகொள்கிறோம். நாற்காலியை எவரும் கடிவதில்லை.

அமெரிக்க அறிஞர் டொனால்ட் நார்மன், அன்றாடப் பொருள்களைப் பற்றி 1988இல் வெளியிட்ட நூலில் இதைத்தான் வாதிட்டார். கதவைத் திறக்கத் தெரியாமல் திணறுவோர் தம்மையே நொந்துகொள்கின்றனர். குற்றமோ பெரும்பாலும் வடிவமைப்பில் உள்ளது என்றார். அந்நூலின் அட்டையால் புகழ்பெற்ற படமொன்று உண்டு: பிரெஞ்சு ஓவியர் ழாக் கரெல்மான் கற்பனை செய்த காப்பிக் கூஜா. கைப்பிடியும் மூக்கும் ஒரே பக்கத்தில் இருக்கும். எத்தனை கைத்திறம் இருந்தும் என்ன, சூடான காப்பி ஊற்றுபவர் கையில்தான் விழும்.

இவ்விடத்தில் தமிழ்ப் பேச்சுவழக்கு வேறொரு வழியில் போகிறது. 'கைக்கு வாகாக இல்லை', 'தோதுப்படவில்லை' என்னும்போது கையையும் பழிப்பதில்லை, பொருளையும் பழிப்பதில்லை. இரண்டும் பொருந்தவில்லை என்று மட்டுமே சொல்கிறோம். 'இசைகேடு' இன்னும் அழகு: இசைவு கெட்ட நிலை. மாடிப்படித் திருப்பத்தில் இரும்பு பீரோ சிக்கிக்கொண்டால், தூக்குபவர் 'இசைகேடா மாட்டிக்கிச்சு' என்கிறார். பீரோ நல்ல பீரோதான், படியும் நல்ல படிதான், தூக்குபவரும் தேர்ந்தவர்தான். இவ்வளவையும் அந்த ஒரு சொல் தாங்குகிறது. 'ஏடாகூடம்', 'எக்குத்தப்பு', 'இசகுபிசகு' என இதன் சுற்றம் பெரிது.

கொச்சை எனக் கருதி மொழிபெயர்ப்பாளர் பலர் இவற்றைத் தீண்டுவதில்லை என்றே தோன்றுகிறது. வடசொல் என்பதற்காக 'அசௌகரிய'த்தை நாம் வெறுக்கவில்லை. ரயிலில் இருக்கை கிடைக்காதவருக்கு அது மிகப் பொருத்தம். மௌனத்துக்குச் 'சங்கடமான' என்பதும் சரியே. பெட்டிக்கும் நடைக்கும் மௌனத்துக்கும் ஒரே சொல்லைப் போர்த்துவதோடுதான் நம் பூசல்.

'க்ளம்ஸி'க்கு மட்டும் நிறைவான இணை நமக்கு அகப்படவில்லை. 'கைத்தடுமாற்றம்' ஓரளவு ஈடுகொடுக்கிறது. மரத்துப்போன விரல் அதில் இல்லை. நீலகிரியிலோ கொடைக்கானலிலோ குளிரில் வேலை செய்வோரிடம் அதற்கொரு சொல் வழங்கக்கூடும். அறிந்த வாசகர் எழுதுக.