துளை சிறியது, புளுகு பெரியது!

"வயிற்றைக் கிழிக்கும் காலம் மலையேறிவிட்டது, சிறு துளை போட்டுப் புற்றுநோயை வேரோடு அகற்றுகிறோம்" என்று தம்பட்டம் அடிக்கிறார்கள் வைத்திய வியாபாரிகள். "அதெல்லாம் பணக்காரனுக்கு, கூலிக்காரனுக்குக் கீறித் திறக்கும் ஆபரேஷன் போதும்" என்கிறார்கள் வேறு சில கனவான்கள். பெருங்குடலில் புற்று கண்ட தொழிலாளியின் குடும்பம் நடுவே நின்று திகைக்கிறது. இருக்கும் அரைக்காணியை விற்பதா? விதியே என்று கிடப்பதா?

தோழர்களே, இருவர் சொல்வதும் பொய்!

விஷயம் என்ன? பழைய முறையில் வயிற்றின் நடுவே நீளமாகக் கீறித் திறப்பார்கள். லேப்ராஸ்கோப்பி என்னும் முறையில் சில சிறு துளைகள் போட்டு, கரியமில வாயுவை ஏற்றி வயிற்றை உப்ப வைத்து, காமிரா காட்டும் படத்தைப் பார்த்துக்கொண்டே நீண்ட கருவிகளால் வேலை செய்வார்கள். வெட்டிய குடலை வெளியே எடுக்க ஒரு துளையைக் கொஞ்சம் பெரிதாக்குவார்கள். வாசல்தான் வேறு, உள்ளே செய்யும் வேலை ஒன்றே. கட்டியையும், அதன் இருபுறமும் நல்ல குடலில் கொஞ்சத்தையும், பக்கத்து நிணநீர்க் கணுக்களையும் சேர்த்து எடுத்தாக வேண்டும்.

1990-களின் தொடக்கத்தில் இந்த முறை குடல் புற்றுக்கு வந்தபோது, துளை போட்ட இடத்திலேயே புற்று மறுபடி முளைத்ததாகச் செய்திகள் வந்தன. டாக்டர்கள் அஞ்சினார்கள். அஞ்சியது நியாயம், பந்தயம் நோயாளியின் உயிரல்லவா? ஆகவே சோதித்தார்கள். அமெரிக்காவில் தொடங்கிய சோதனையில் 48 நிலையங்களில் 872 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரு பிரிவாக்கினார்கள். 2004-ல் முடிவு வெளியாயிற்று. மூன்றாண்டுகளில் நோய் திரும்பியது துளை முறையில் நூற்றுக்கு 16 பேருக்கு. திறந்த முறையில் 18 பேருக்கு. இவ்வளவு சிறு வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடியது. காயத்தில் புற்று முளைத்தது இரண்டிலும் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவே. ஆக, புற்றை ஒழிப்பதில் இரண்டும் சமம்!

"வேரோடு அகற்றுகிறோம்" என்ற வியாபாரியே, திறந்த முறை அகற்றாத எந்த வேரை நீ அகற்றினாய்?

அடுத்து, கனவான்களுக்கு வருவோம். அதே சோதனையில் துளை முறையில் ஆஸ்பத்திரி வாசம் 5 நாள். திறந்த முறையில் 6 நாள். கடும் வலி மருந்தும் ஒரு நாள் குறைவு. காயமும் சிறியது. இந்த நன்மை யாருக்கு அதிகம் தேவை? நாற்காலியில் சாய்ந்திருப்பவருக்கா? பஞ்சுப் பொதி தூக்கி, வயலில் குனிந்து, எழுந்து நடந்தால்தான் அன்றைய கூலி என்று வாழ்பவனுக்கா?

ஆனால் துளை போட்டுவிட்டால் நன்மை தானாக வந்துவிடாது. பிரிட்டனில் 794 நோயாளிகளிடம் நடந்த சோதனையின் முடிவு 2005-ல் வந்தது. குறைந்தது 20 ஆபரேஷன்களாவது இம்முறையில் செய்த டாக்டர்களையே அதில் சேர்த்தார்கள். அப்படியும் துளையில் தொடங்கியவர்களில் நூற்றுக்கு 29 பேருக்குப் பாதியில் வயிற்றைத் திறக்க நேர்ந்தது. அவர்களுக்குத் தொல்லைகளும் அதிகம். முதலாண்டில் நூற்றுக்கு 38 ஆக இருந்த இக்கணக்கு, ஆறாம் ஆண்டில் 16 ஆக இறங்கியது. எதனால் இறங்கியது? ஆண்டுக்கு ஆண்டு கை பழகியது! இடுப்பெலும்புக் குழிக்குள் ஒடுங்கிக் கிடக்கும் மலக்குடலில் வேலை இன்னும் கடினம். அதைப்பற்றி 2015-ல் வந்த சோதனை முடிவுகளே ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை.

இங்கிலாந்தின் பொது வைத்தியத் துறைக்கு வழிகாட்டும் நைஸ் என்னும் அமைப்பு 2000-ல் "திறந்த முறையே மேல்" என்றது. சாட்சியம் சேர்ந்தபின் 2006-ல் "பயிற்சி பெற்ற டாக்டர் செய்தால் துளை முறையும் தகும்" என்றது. பிறகு அரசாங்கச் செலவிலேயே, தேர்ந்த டாக்டர்களைக் கொண்டு மற்ற டாக்டர்களைப் பழக்கினார்கள். முதலில் சாட்சியம், பிறகு பயிற்சி, பிறகு எல்லோருக்கும் வைத்தியம். விளம்பரத்துக்கு அங்கே என்ன வேலை?

ஆகவே தோழர்களே, துளையின் அளவைக் கேட்காதீர்கள். கையின் பழக்கத்தைக் கேளுங்கள். "இதுபோல் எத்தனை செய்திருக்கிறீர்கள்? எத்தனை பேருக்குப் பாதியில் திறக்க நேர்ந்தது?" என்று டாக்டரிடம் கேட்பது உங்கள் உரிமை. தேர்ந்த கையால் திறந்த ஆபரேஷன்தான் கிடைக்கும் என்றால் அஞ்சாமல் செய்துகொள்ளுங்கள். துளைக்குப் பணம் திரட்ட நிலத்தை விற்றுக் காலம் கடத்தாதீர்கள். நீங்கள் காத்திருந்தாலும் புற்று காத்திராது. மலத்தில் ரத்தம் கண்டால் மூலம்தானே என்று சும்மா இராதீர்கள்.

பழகிய கையும் நல்ல கருவியும் ஒவ்வொரு பொது ஆஸ்பத்திரியிலும் வேண்டும். அதை உரத்துக் கேட்போம்!